வடவெல்லையின் சிறு மொழிகள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர் தங்கள் ஜெல்திரியாக் கோட்டையை 1613-இல் எழுப்பிய பின், அடுத்த தலைமுறையில் அங்கே பாதிரியாராகப் பத்தாண்டுக் காலம் ஊழியம் செய்த ஆபிரகாம் ரோஜேரியஸ் என்பவர், இந்நாட்டு மக்களின் சமயத்தையும் ஆசாரங்களையும் அறிய விரும்பி, பத்மநாபன் என்னும் பிராமணரை நாடி, போர்ச்சுகீசிய பாஷையின் வாயிலாக அவரோடு உரையாடி, கேட்டவற்றையெல்லாம் குறித்துவைத்தார். அவர் காலமான பிறகு 1651-இல் லைடன் நகரில் அச்சேறிய அந்நூல், தென்னிந்தியச் சமயத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய ஆதி நூல்களுள் ஒன்றாக அறிஞர்களால் இன்றும் போற்றப்படுகிறது. பர்த்ருஹரியின் சதகங்கள் ஓர் ஐரோப்பிய மொழியைச் சென்றடைந்ததும் அந்நூலின் வழியாகவே. பத்மநாபன் சொன்னவற்றைப் பத்மநாபன் சொன்னதாகவே எழுதினார் ரோஜேரியஸ். சொன்னவருடைய பெயர் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது.

அதே துறைமுகத்திலிருந்து, அதே பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, பத்தேவியா முதலான தீவுத் துறைமுகங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களைக் குறித்த டச்சுக் கணக்குகளில் தலைகளின் எண்ணிக்கை உண்டு, விலை உண்டு, கடல்வழியில் மாண்டவர் தொகையும் உண்டு. அவர்கள் என்ன பேசினார்கள், தங்கள் பிள்ளைகளை எந்தச் சொல்லால் அழைத்தார்கள், எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கடலைப் பார்த்தார்கள் என்பதை எழுதிவைக்க அக்கோட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதனுடைய பேச்சு ஏட்டில் ஏறுவதும் ஏறாது போவதும் அவன் சமூகத்தில் எந்த ஸ்தானத்தில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது என்ற உண்மைக்கு இதைக்காட்டிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பழவேற்காட்டில் தொடங்கிய இந்த வேற்றுமை, அதனைச் சூழ்ந்த பிரதேசத்தின் சரித்திரம் முழுவதிலும் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதே இங்கு நான் எடுத்துக்காட்ட விரும்பும் விஷயம்.

1997-இல் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் என்று தனிப்பெயர் பெற்ற இப்பகுதி, தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நிலமாகும். கும்மிடிப்பூண்டிச் சந்தையில் தமிழில் விலை கேட்டவருக்குத் தெலுங்கில் பதில் வருவதும், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே வீட்டின் முற்றத்தில் ஒரு பாஷையும் அடுக்களையில் மற்றொரு பாஷையுமாக வழங்குவதும் இங்குள்ளோர்க்குப் புதுமையல்ல. ஆனால் இவ்விரு பெருமொழிகளின் நிழலில், அவற்றைப் போல இலக்கியமும் அரசவையும் அச்சுக்கூடமும் வாய்க்காத சில சிறு மொழிகளும் வழக்குகளும் நெடுங்காலமாக வாழ்ந்து வந்திருக்கின்றன. எருகலர் என்றும் குறவர் என்றும் அழைக்கப்பட்ட மக்கள், தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையதும் தெலுங்கும் கன்னடமும் விரவியதுமான ஒரு மொழியைத் தங்களுக்குள் பேசினார்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி முதலிய வடமேற்கு பாஷைகளின் இனத்தைச் சேர்ந்தது. ஏரிக்கரையிலும் தீவுகளிலும் வாழ்ந்த ஏனாதியர் தெலுங்கின் ஒரு வழக்கைத் தமக்கே உரிய சாயலோடு பேசினர். இருளரோ, சமவெளியில் இன்று பெரும்பாலும் தமிழே பேசுகிறார்கள். எல்லையோரத்தில் தெலுங்கும் அதனோடு சேர்ந்துகொள்ளும். எனினும் பாம்பையும் மூலிகையையும் எலி வளையையும் ஈசல் புற்றையும் பற்றிய அவர்களது சொல்வளமும், கன்னிமாரைப் பாடும் பாட்டுகளும், அவர்களைச் சூழ்ந்து வாழும் குடியானவர்களின் தமிழில் அடங்கிவிடுபவை அல்ல.

இவற்றுள் முதன்முதல் அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது குறவர், எருகலர் ஆகியோரின் மொழியே. அது வந்த விதத்தை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு முதலிய கடற்கரை உப்பளங்களில் விளைந்த உப்பைக் கழுதைகளின் மேலும் மாடுகளின் மேலும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுசென்று, அங்கே தானியத்துக்கு மாற்றி, மீண்டும் கடற்கரைக்குத் திரும்பும் ஊர்சுற்று வாணிபம் சென்னை ராஜதானி எங்கும் குறவர் குலத்தவரின் பிரதான ஜீவனோபாயங்களுள் ஒன்றாக இருந்தது. கம்பெனியார் காலந்தொட்டு உப்பின் மீது சர்க்கார் ஏகபோக உரிமையும் வரியும் விதித்தது அவ்வாணிபத்துக்கு விழுந்த முதல் அடி. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில், திருவள்ளூர் வழியாக, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது இரண்டாவது அடி. ரயில் தண்டவாளம் சென்ற இடமெல்லாம் உப்பு மூட்டை வண்டியில் சென்றது. கழுதையும் அதனை ஓட்டியவனும் வழியில் நின்றுவிட்டார்கள். பிழைப்பு இழந்து ஊர் ஊராய் அலைந்த ஜனங்களின் மேல் சந்தேகம் விழுந்தது. சந்தேகம் விழுந்த பின் அவர்களுடைய நடை, உடை, பேச்சு யாவும் குற்றத்தின் அடையாளங்களாகவே பார்க்கப்பட்டன.

போலீஸ் உத்தியோகஸ்தரான மல்லாலி 1892-இல் சென்னை ராஜதானியின் குற்ற வகுப்பினரைப் பற்றி வெளியிட்ட நூலிலும், ரயில்வே போலீசில் பணியாற்றிய பாப்பாராவ் நாயுடு 1905-இல் குறவரையும் எருகலரையும் பற்றி எழுதிய நூலிலும் இம்மக்களின் பேச்சு ஒரு துப்பறியும் சாதனமாகவே இடம்பெற்றது. தொழிலைப் பறித்த ரயிலின் காவலரே, தொழில் பறிகொடுத்தவரின் மொழியை எழுதியவருள் ஒருவராக அமைந்தார் என்பது வேதனைக்குரிய செய்தி. ஒரு மொழியைப் பற்றிய ஆரம்பக் குறிப்புகள், அம்மொழியைப் பேசுவோரைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டனவாக இருப்பது எத்தகைய அநீதி என்பதை, தம் தாய்மொழிக்கு அகராதி செய்த வீரமாமுனிவரையும் வின்ஸ்லோவையும் நன்றியோடு நினைக்கும் தமிழர் எளிதில் உணரக்கூடும். பிறகு 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று ஜனங்கள் வழங்கிய அச்சட்டத்தின்கீழ் பதிவான ஒவ்வொருவரும் தம் கைரேகையைக் கொடுத்து, குறித்த நேரங்களில் ஆஜர் சொல்லி, ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. அந்நிலையில் சந்தையிலோ ரயிலடியிலோ தன் மொழியில் குழந்தையைக் கூப்பிடும் ஒரு தாய், தான் இன்னார் என்று போலீஸ்காரனுக்குத் தானே காட்டிக்கொடுத்தவளாவாள். பொதுவிடத்தில் தமிழோ தெலுங்கோ பேசி, சொந்த மொழியைக் கூடாரத்துக்குள் ஒளித்து, பிறகு கூடாரத்துக்குள்ளும் குழந்தைகளிடம் அதனைப் பேசாது விடுவது அச்சத்திலிருந்து பிறக்கும் இயல்பான விவேகமே. சென்னை ராஜதானியில் அச்சட்டம் 1947-இலும், இந்தியா முழுமைக்கும் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதியிலும் நீங்கியது. சட்டம் ஒரு நாளில் நீங்கிவிடும். வழக்கொழிந்த பேச்சு அவ்வாறு ஒரு நாளில் திரும்பிவிடுவதில்லை.

போலீசாருக்கு அடுத்தபடியாக வந்தவர்கள் அளவுகோலோடு வந்த அறிஞர்கள். சென்னை அரும்பொருட் காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய பெருநூலில் இருளரும் ஏனாதியரும் குறவரும் விரிவாகவே பேசப்படுகிறார்கள். அந்நூலின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல குடிகளைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் பழைய ஆதாரம் அது ஒன்றுதான். ஆயினும் அதில் இருளருடைய மண்டையின் நீளமும் மூக்கின் அகலமும் அளந்து குறிக்கப்பட்ட சிரத்தை, அவர்களுடைய வாயிலிருந்து வந்த சொற்களுக்குக் காட்டப்படவில்லை. அளக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தேடுவோருக்கும் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும். பத்மநாபனுக்குக் கிடைத்த ஸ்தானம், பழவேற்காட்டிலிருந்து சில காதம் தள்ளிக் குடிசை போட்டிருந்த இருளனுக்கு இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னும் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் ஜார்ஜ் கிரியர்சனின் மேற்பார்வையில் நடந்த இந்திய மொழிக் கணக்கெடுப்பு, வட இந்தியா முழுவதையும் துருவி ஆராய்ந்தபோதிலும், சென்னை ராஜதானியைத் தன் நேர் ஆய்வின் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. முண்டா, திராவிட மொழிகளுக்கென ஸ்டென் கோனோ எழுதி 1906-இல் வெளிவந்த நான்காம் தொகுதி, குறவரின் மொழியையும் இருளரின் மொழியையும் கைகாடி மொழியையும் தமிழின் கிளைவழக்குகளாக வகுத்தது. போதிய ஆதாரம் கைவசம் இல்லாத காலத்தில் ஓர் அறிஞர் செய்த தற்காலிக வகுப்பு அது என்று நாம் கருதலாம். ஆனால் 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கிலும் இருளர் மொழி, குறவர் மொழி, எருகலா, கைகாடி ஆகியவை தமிழ் என்னும் தலைப்பின் கீழ்தான் நிற்கின்றன. தமிழர் தொகை சிறிது கூடுவதால் தமிழுக்கு ஆகும் லாபம் ஒன்றுமில்லை. தனித்து எண்ணப்படாமையால் அச்சிறு மொழிகளுக்கு ஆகும் நஷ்டமோ பெரிது. எண்ணிக்கையில் இல்லாத மொழிக்கு ஆசிரியரும் இல்லை, பாடநூலும் இல்லை, வானொலியில் கால்மணி நேரமும் இல்லை.

ஜனத்தொகைக் கணக்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1961-ஆம் ஆண்டுக் கணக்கில் 1,652 தாய்மொழிகள் இந்நாட்டில் உண்டென்று வெளியாயிற்று. அடுத்த கணக்கிலிருந்து, பதினாயிரம் பேருக்குக் குறைந்தவர் பேசும் மொழிகளைப் பெயர் சொல்லாமல் பிற என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிடும் வழக்கம் ஏற்பட்டது. 2011-இல் ஜனங்கள் தங்கள் தாய்மொழி என்று சொல்லிய பெயர்கள் 19,569. அவை சல்லடையிட்டுச் சலித்து 1,369 ஆக்கப்பட்டு, முடிவில் 121 மொழிகளாக அச்சாயின. எழுத்துப் பிழைகளும் ஊர்ப்பெயர்களும் சாதிப்பெயர்களும் கலந்த குவியலைச் சீர்செய்வது அவசியமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். சலித்தவர்களுள் இருளரோ எருகலரோ ஒருவரும் இருந்திரார் என்பதையும் உடன் நினைக்கவேண்டியிருக்கிறது.

இனி, இப்பிரதேசத்தின் மொழிச் சரித்திரத்திலேயே மிகவும் உணர்ச்சி நிறைந்த அத்தியாயத்துக்கு வருவோம். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவின் தென்பகுதியும் திருத்தணியும் எவர்க்குரியவை என்ற விவாதம் தீவிரமடைந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சியில் சிறை சென்றவர்களும் உயிர் நீத்தவர்களும் உண்டு. அவர்களுடைய தியாகத்தை மறந்து இப்பகுதியைப் பற்றி எழுதுவது நன்றிகேடாகும். மத்தியஸ்தராக நியமிக்கப்பட்ட படாஸ்கர், கிராமத்தை அடிப்படை அலகாகக் கொண்டு, அங்கு எந்த மொழியினர் மிகுதி என்பதையும் நிலத்தொடர்ச்சியையும் கவனித்து எல்லையை வகுக்கவேண்டும் என்று நெறிகாட்டினார். அதன்படி நிறைவேறிய 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம், 1960 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்து, திருத்தணித் தாலுகாவைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தது. பதிலாகச் சத்தியவேட்டைச் சூழ்ந்த பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது.

கிராமம் கிராமமாகத் தாய்மொழிக் கணக்கைப் பார்த்து, மக்களின் பேச்சை நாட்டின் எல்லைக்கே ஆதாரமாக்கிய இந்த நெறி, மொழிக்கு அளிக்கப்பட்ட மிகப்பெரிய மரியாதை என்பதில் ஐயமில்லை. அதனால்தான் அங்கே விடுபட்டது எது என்பதும் முக்கியமாகிறது. ஒரு கிராமத்தில் தமிழர் நூறு, தெலுங்கர் தொண்ணூறு என்று எண்ணிய கணக்கில், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருந்த பத்துக் குடிசைகளுக்குத் தனிக் கட்டம் ஏது? அவர்கள் பேசியது தமிழென்று ஒரு தரப்பாரும் தெலுங்கென்று மறு தரப்பாரும் எழுதிக்கொள்ளலாம். இருளர் மொழி என்றோ எருகலா என்றோ எழுதுவதால் எவர்க்கும் பயனில்லை. எல்லை வகுக்கப்பட்ட பிறகோ, ஆரணியாற்றின் இருபுறமும் பழவேற்காட்டு ஏரியின் இருகரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த ஒரே உறவுமுறையினர் இரண்டு ராஜ்யங்களின் பிரஜைகளானார்கள். ஒரு பக்கத்துக் குழந்தைகள் தமிழ்ப் பள்ளிக்கும் மறுபக்கத்துக் குழந்தைகள் தெலுங்குப் பள்ளிக்கும் சென்றார்கள். இரண்டு பள்ளியிலும் பாட்டியின் பேச்சுக்கு இடமில்லை. பெருமொழிகள் இரண்டுக்கும் நியாயம் வழங்கிய அந்த ஏற்பாடு, தன் காலடியில் வாழ்ந்த சிறு மொழிகளைக் கண்ணெடுத்தும் பாராமலேயே கடந்துவிட்டது என்பது என் துணிபு. தமிழுக்கு நேர்ந்த புறக்கணிப்பை எதிர்த்து எழுந்த நமக்கு, நம் நிழலில் நிற்கும் மொழிக்கு நேரும் புறக்கணிப்பைக் காணும் கண் பிறரைவிடக் கூர்மையாக இருந்திருக்கவேண்டும்.

எல்லைத் தகராறு ஓய்ந்த பத்தாண்டில் நிலம் மாறத் தொடங்கியது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடுகளில், தேனும் கிழங்கும் மூலிகையும் சேகரித்து வாழ்ந்த ஏனாதியர், விண்வெளித் தளத்துக்காகத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்ட பின் தங்கள் இருப்பிடங்களை விட்டு நீங்கினர். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அதே 1971-இல் தமிழ்நாட்டில் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியில் அமைந்து, உருக்காலைகளும் இரசாயனச் சாலைகளும் வரிசை வரிசையாக எழுந்தன. பின்னர், புதிய நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முடியுங்காலத்தில், அருகிலுள்ள தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் புறம்போக்கும் குறுங்காடுமாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், கிராமத்தாரின் எதிர்ப்பையும் மீறித் தொழிற்பேட்டையாயிற்று. தொழில் வளர்ச்சி வேண்டாமென்று சொல்ல எவரும் துணியார்; இம்மாவட்டத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் உண்கின்றன. ஆனால் காட்டோடும் ஏரிக்கரையோடும் பிணைந்திருந்த ஒரு சொற்கூட்டம், அந்தக் காடும் கரையும் மறைந்த பின் எங்கே தங்கும்?

இருளரின் விஷயத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். புழுதியில் பதிந்த தடம், புதரில் உரித்துப்போட்ட சட்டை, வளைவாயில் கிடக்கும் எச்சம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளிருப்பது நல்லபாம்பா, கட்டுவிரியனா, கண்ணாடிவிரியனா, சுருட்டைவிரியனா என்று சொல்லிவிடும் அவர்களுடைய வித்தை, தந்தை மகனுக்குக் காட்டில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்த பேச்சினால் தழைத்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் தோலுக்காகப் பாம்பு பிடிக்கும் அவர்களுடைய தொழிலை ஒரேயடியாக நிறுத்திவிட்டன. பாம்பினத்தைக் காக்க அச்சட்டம் அவசியமே. பாம்பைப் பிடித்து வயிறு வளர்த்தவனுக்கு மாற்று வழி காட்டவேண்டும் என்பது சட்டமியற்றியவர்களுக்குத் தோன்றாமற்போக, 1978-இல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து மருந்து செய்வோருக்கு அளித்து, பாம்பை உயிரோடு காட்டில் விட்டுவிடும் ஏற்பாடு அது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். தொழில் காக்கப்பட்ட இடத்தில் தொழிலின் சொல்லும் பிழைத்திருக்கிறது என்பதற்கு அச்சங்கம் நல்ல உதாரணம். வடக்கே, திருவள்ளூர்ப் பக்கத்து இருளருக்கு அப்படி ஒரு புகலிடம் கிடைக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் செங்குன்றத்து அரிசி ஆலைகளும், செங்கல் சூளைகளும், சவுக்குத்தோப்பு மரம்வெட்டுமாகும். கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிய குடும்பம், அந்தக் கடன் தீராதபடி கணக்கு எழுதப்பட்டு, நெல் அவிக்கும் களத்திலேயே பிள்ளைகளோடு வருஷக்கணக்காகக் கட்டுண்டு கிடந்ததை அதிகாரிகளின் மீட்பு நடவடிக்கைகள் பலமுறை வெளிப்படுத்தியிருக்கின்றன. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருந்தும் நிலைமை இதுவே. உறவினரின் சாவுக்கும் போக அனுமதியில்லாதவன், மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனைப் பாடக் கூடும் இருளர் கூட்டத்துக்கு எப்படிப் போவான்? அந்த ஓரிரவில்தான் தூரத்து ஊர்களிலிருந்து வரும் முதியவர்களின் பாட்டும் கதையும் இளையவர்களின் செவியில் விழுகின்றன. கலியாணப் பேச்சும் அங்கேதான் நடக்கிறது. களத்துச் சுவருக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாட்டு வாய்க்காமல் போனால், அதனை மொழியின் இயற்கையான தேய்வு என்று சாஸ்திரம் சொல்லலாகாது. பறிக்கப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

இவ்வாறு பறித்துக்கொண்ட பின், சமூகம் அவர்களிடம் அடையாளமும் கேட்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடமிருந்து பெறுவதற்கு இருளர் குடும்பங்கள் படும் அலைச்சல் இம்மாவட்டத்தில் எவரும் அறிந்ததே. சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்கு விடுதியில் இடமில்லை, உதவித்தொகை இல்லை. உச்ச நீதிமன்றம் 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் வகுத்த முறையின்படி, சந்தேகம் எழுந்தால் விண்ணப்பித்தவரின் தெய்வம், சடங்கு, மணமுறை, இறந்தவரைப் புதைக்கும் முறை முதலியவற்றை விசாரித்து அவர் அக்குடியைச் சேர்ந்தவர்தானா என்று பார்க்கலாம். போலிகளை விலக்குவதற்கு ஏற்பட்ட இம்முறை உண்மையானவர்களையும் வாட்டியது. ஊர்விட்டு ஊர் போய்ப் பழைய வழக்கங்களை இழந்துவிட்டவர்களுக்கு இச்சோதனை ஒன்றையே முடிவான உரைகல்லாக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2011-இல் ஆனந்த் வழக்கில் சொல்லியது மனத்துக்கு ஆறுதல் தரும் தீர்ப்பு. கோட்டாட்சியர் அலுவலகத்து மேஜை வரையில் அத்தீர்ப்பின் கருணை வந்து சேரவேண்டும்.

மொழி அறிஞர்களும் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். மலைநாட்டில் நிறையவே செய்திருக்கிறார்கள். 1935-இல் இந்தியா வந்த மர்ரே எமனோ நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியைக் கற்று, 1940-களில் வெளியிட்ட கோத்தக் கதைத்தொகுதிகள், எழுத்தில்லா மொழியொன்றின் இலக்கியத்தை உள்ளது உள்ளபடி காட்டும் உன்னத நூல்கள். அக்கதைகளைச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். தம் குலத்தாரின் வழக்கங்களைத் திருத்தவும் முற்பட்ட ஆசிரியர் அவர். எமனோ அவரை மறைக்கவில்லை. சுள்ளியின் பெயரும் குணமும் திராவிட மொழியியலில் நிலைபெற்றிருக்கின்றன. பழவேற்காட்டுப் பத்மநாபனுக்குப் பிறகு, எழுத்தறிவின் பெருமை வாய்க்காத ஒரு குடியில் பிறந்த ஒருவருக்கு அந்த மரியாதை தமிழ்நாட்டில் கிடைத்தது நீலகிரியில்தான். நீலகிரி, கோயம்புத்தூர் மலைகளின் இருளர் மொழியை ஜெரார் திப்லோத் 1968-இல் ஆராய்ந்தார். கமில் சுவெலபில் 1973 முதல் 1982 வரையில் மூன்று பாகங்களாக அதன் இலக்கணத்தையும் கதைகளையும் வெளியிட்டு, தமிழில் இல்லாத விசேஷ உயிரொலிகள் அதில் உண்டென்று நாட்டினார். வாக்ரிபோலியைப் பற்றி சீனிவாச வர்மா எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இல் பதிப்பித்தது. அதனைப் பேசும் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் இசைந்தது 2022 டிசம்பரில். நூலுக்கும் உரிமைக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது.

மலையில் இவ்வளவும் நடக்க, சமவெளி இருளரின் பேச்சும் திருவள்ளூர் எல்லைப்புறத்து எருகலாவும் ஏன் கவனிப்பாரற்றுக் கிடந்தன என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது: ஆராய்ச்சியாளர் கலப்பற்ற மொழியைத் தேடினார்கள். மலையில் ஒதுங்கி வாழ்ந்தவர் மொழி தூயது, அரிசி ஆலையில் நெல் அவிப்பவர் மொழி கெட்டுப்போனது என்ற எண்ணம் சாஸ்திரத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. கலப்பு என்பது இம்மக்களுக்கு நேர்ந்த சரித்திரம். எந்தச் சொல் போயிற்று, எந்தச் சொல் எந்த முதலாளியின் பாஷையிலிருந்து வந்து சேர்ந்தது, எதனை அவர்கள் விடாமல் பற்றிக்கொண்டார்கள் என்பதைக் குறித்துவைத்தால், எந்தச் செப்பேட்டிலும் கிடைக்காத சமூக சரித்திரம் நமக்குக் கிடைக்கும். பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகளைத் துண்டு துண்டாக எண்ணிட்டுக் காட்சிசாலைகளில் காத்துவரும் நாம், அதே கொற்றலையாற்றுப் படுகையில் இன்றும் வாழும் மனிதரின் வாய்ச்சொல்லுக்கு அந்தச் சிரத்தையில் சிறு பங்கேனும் காட்டுவது தகும்.

கும்மிடிப்பூண்டியின் தெருக்களில் இன்று கேட்கும் ஒலிகள் மேலும் பெருகியிருக்கின்றன. உருக்காலைகளுக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாம் முதலிய தேசங்களிலிருந்து வந்த தொழிலாளர் எல்லாரையும் இந்திக்காரர் என்ற ஒரு பெயரால் நாம் அழைத்துவிடுகிறோம். திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு வரும் மேற்கு ஒடிசாவினரின் தாய்மொழி சம்பல்புரி. ஜார்க்கண்டிலிருந்து வருவோருள் சந்தாலியும் முண்டாரியும் பேசுவோர் இருக்கக்கூடும். குரூக் பேசுவோரும் இருக்கக்கூடும். சந்தாலி, ரகுநாத் முர்மு 1925-இல் வகுத்த சொந்த எழுத்தை உடையது. 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் ஏறியது. குரூக் நம் திராவிடக் குடும்பத்தின் வடகிளை. அதாவது, தமிழின் தூரத்து உறவினர் ஒருவர் நம் ஊர்த் தொழிற்சாலையில் இரவுவேலை பார்க்கையில் நாம் அவரை முற்றிலும் அந்நியராக எண்ணியிருப்பதும் சாத்தியமே. இவர்களுடைய பிள்ளைகள் சூளை ஓரத்துப் பள்ளியில் எந்த மொழியில் அகரம் பயில்கிறார்கள் என்பது, நூறாண்டுக்கு முன் உப்பு வாணிபம் இழந்து அலைந்தவரின் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்காமல் விட்ட அதே கேள்வி.

அரசாங்கங்கள் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு சொல்லவேண்டும். பதினாயிரம் பேருக்குக் குறைந்தவர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டமொன்றை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் நடத்திவருகிறது. கணேஷ் தேவி என்னும் அறிஞர் 2010 முதல் சர்க்காரின் உதவியை எதிர்பாராது மக்களைக் கொண்டே நடத்திய மொழிக் கணக்கெடுப்பு, 780 மொழிகளைக் கண்டு பெயர் சொல்லியது. குற்றப் பரம்பரையினர் என்று முத்திரையிடப்பட்டவர்களின் உரிமைக்காக மகாசுவேதா தேவியோடு சேர்ந்து உழைத்தவரே அப்பணியையும் மேற்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலிய பழங்குடியினரின் மொழிவளத்தையும் ஒலிவடிவத்தையும் பதிவு செய்ய 2 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவித்தது.

அவ்வறிவிப்பில் இருளரின் பெயரும் எருகலரின் பெயரும் சொல்லப்படவில்லை; சேர்த்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை. சேர்க்கும்போது, ஒலிப்பதிவுக் கருவியோடு வருபவர் ஒரு நாள் கூலியை இழந்து உட்கார்ந்து பேசும் முதியவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்கவேண்டும். எது பதிவாகலாம், எது ஆகலாகாது என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும். மூலிகையைப் பற்றி அவர் சொன்னது மருந்துக் கம்பெனி ஒன்றின் சொத்தாகிவிடாதபடி சட்டத்தின் காவல் வேண்டும். பதிவின் ஒரு பிரதி சென்னையிலும் மைசூரிலும் இருப்பதுபோல அவருடைய குடியிருப்பை அடுத்த பள்ளியிலும் இருக்கவேண்டும். நூலின் முகப்பில் ஆராய்ந்தவர் பெயருக்குக் கீழோ மேலோ சொன்னவர் பெயரும் அச்சாகவேண்டும். குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாமல், நாளை எந்த ஏரிக்கரைக்குத் துரத்தப்படுவோமோ என்று இருப்பவரிடம் பழைய பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஆகையால் பட்டா வழங்கும் வருவாய்த்துறையும் பாட்டைப் பதியும் மொழித்துறையும் ஒன்றாகவே அக்குடிசைகளுக்குச் செல்லட்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை ஆகிய மூன்று தாலுகாக்களில் இப்பணியை முதலில் தொடங்கலாம். முதியவர்களின் வயதை எண்ணிப் பார்க்கையில், அதற்கு அடுத்த ஆண்டு வரையில் காத்திருப்பதும் தாமதமே.